கார்ல் ஸ்டாட்ஸ்: சிறுவர் பேஸ்பாலுக்கு மைதானம் தந்த எழுத்தர்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திற்குப் பல நாடுகளின் சிறுவர் பேஸ்பால் அணிகள் வந்து சேர்கின்றன. லிட்டில் லீக் உலகத் தொடர் எனப்படும் அந்தப் போட்டிக்கு வித்திட்டவர் கார்ல் ஸ்டாட்ஸ். தாம் தொடங்கிய அமைப்பை விட்டுப் பின்னாளில் வெளியேறியவரும் அவரே.

1910ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி வில்லியம்ஸ்போர்ட் நகரில் பிறந்த ஸ்டாட்ஸ், புகழ்பெற்ற விளையாட்டாளரோ செல்வந்தரோ அல்லர். எண்ணெய் நிறுவனம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்தவர்.

1938இல் ஒருநாள், உறவுச் சிறுவர்கள் இருவருடன் வீட்டு முற்றத்தில் பந்து விளையாடிக் கொண்டிருந்தார். பந்தைப் பிடிக்க ஓடியபோது லைலாக் செடியின் கிளைகள் கணுக்காலைக் கீறிவிட்டன. வலி தணிய உட்கார்ந்தவருக்குத் தம் சிறுவயது நினைவுக்கு வந்தது. பெரிய பையன்கள் ஆடும்போது சின்னவர்களுக்கு அங்கே இடம் இருக்காது. கிடைப்பதெல்லாம் அவர்கள் கழித்துப் போட்ட பந்தும் உடைந்த மட்டையும்தான். சிறுவர்களுக்கென்றே தனி அணி, சீருடை, நல்ல மட்டை, நடுவர் எல்லாம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது உதித்தது.

பெரியவர்களின் மைதானத்தில் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்திற்கு 90 அடி. அந்தத் தூரம் சின்னக் கால்களுக்கு ஒத்துவராது. பிள்ளைகளை ஓடவிட்டும் பந்தை எறியவிட்டும் பார்த்து, 60 அடியே சரியான அளவு என்று முடிவு செய்தார். மைதானத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றிய அந்த அளவுதான் இன்றும் நடைமுறையில் உள்ளது.

அடுத்தது பணம். உதவி கேட்டு அவர் ஏறி இறங்கிய நிறுவனங்களில் 50க்கும் மேற்பட்டவை கைவிரித்துவிட்டன. இறுதியில் லைகோமிங் பால் நிறுவனம் 30 டாலர் கொடுத்தது. நண்பர்களும் குடும்பத்தாரும் கைகொடுக்க, மூன்று அணிகள் உருவாயின. 1939 ஜூன் 6ஆம் தேதி நடந்த முதல் ஆட்டத்தில் லண்டி மர நிறுவன அணி 23-8 என லைகோமிங் அணியை வென்றது.

போருக்குப் பின் லிட்டில் லீக் வேகமாகப் பரவியது. 1947இல் வில்லியம்ஸ்போர்ட்டில் முதல் பெரும் போட்டி நடந்தது. உள்ளூரின் மேனார்ட் அணி கிண்ணம் வென்றது. அந்தப் போட்டியே பின்னர் உலகத் தொடராக வளர்ந்தது. 1948 முதல் யு.எஸ். ரப்பர் நிறுவனம் ஆதரவு தந்தது. அந்த நிறுவனத்தின் அதிகாரி பீட்டர் மெக்கவர்ன் 1952இல் லிட்டில் லீக்கின் தலைவரானார்.

வளர்ச்சியே பிளவுக்கும் வழி வகுத்தது. ஆயிரக்கணக்கான ஊர்களில் இயங்கும் அமைப்புக்கு வலுவான தலைமையகமும் நிதியும் தேவை என்பது நிர்வாகத்தின் கருத்து. ஊர்த் தொண்டூழியர்களின் கையில் இருக்க வேண்டிய விளையாட்டு வணிகமாகிறது என்பது ஸ்டாட்ஸின் கவலை. 1955இல் விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. மறுஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டுடன் அவர் லிட்டில் லீக்கை விட்டு விலகினார்.

1957இல் மெக்சிகோவின் மோன்டெரே அணி வெற்றி பெற்று, அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்து பட்டம் வென்ற முதல் அணியானது. இறுதியாட்டத்தில் 12 வயது ஆங்கெல் மாசியாஸ், எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்தைத் தொடவிடாமல் பந்து வீசினான். 1967இல் ஜப்பானும் 1969இல் தைவானும் முதன்முறையாகப் பட்டம் வென்றன. ஸ்டாட்ஸ் கண்ட கனவு கடல் கடந்த அந்த ஆண்டுகளில், அவர் அந்த அமைப்பில் இல்லை.

ஆனால் பிள்ளைகளை அவர் விடவில்லை. சொந்த ஊரிலேயே 'ஒரிஜினல் லீக்' என்ற பெயரில் உள்ளூர்ச் சிறுவர்களுக்கான ஆட்டங்களைத் தொடர்ந்து நடத்தினார். 1992 ஜூன் 4ஆம் தேதி காலமானார்.

உலகத் தொடர் 1959 முதல் சஸ்குஹானா ஆற்றின் மறுகரையில், தெற்கு வில்லியம்ஸ்போர்ட்டில் நடைபெறுகிறது. 1958 வரை போட்டி நடந்த பழைய மைதானம் இக்கரையில் ஸ்டாட்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இரு கரைகளையும் இணைக்கும் பாலத்திற்கும் அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது.