சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன்

ஊதியத்துக்கு வருமான வரி இல்லாத அமீரகத்தில் வாழும் நாம், அவ்வரியை எதிர்த்துப் பதவியிழந்த சென்னை ஆளுநர் ஒருவரை அறிந்துகொள்வோம்.

இங்கிலாந்தில் 1807-இல் பிறந்த சார்லஸ் டிரெவெல்யன், 1826-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் சேர்ந்தார். 1829-இல் தில்லியில் தம் மேலதிகாரி கோல்புரூக்கின் கையூட்டை அம்பலப்படுத்தினார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது.

தாயகம் திரும்பியவர், 1840 முதல் பிரிட்டிஷ் கருவூலத்தில் உயர்பதவி வகித்தார். அயர்லாந்துப் பெரும்பஞ்சத்தில் நிவாரணப் பொறுப்பு அவரிடமே இருந்தது. அரசின் உதவி அளவோடு நிற்கவேண்டும் என்ற அவரது கொள்கை, பசித்தோரை மேலும் வாட்டியது. ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மாண்ட அப்பஞ்சம், அவர் வாழ்வில் நீங்காக் கறை. அரசுப் பணிக்குப் போட்டித் தேர்வு வேண்டும் என்ற 1854-ஆம் ஆண்டு அறிக்கையை நார்த்கோட்டுடன் இணைந்து அளித்தவரும் அவரே.

1859-இல் சென்னை ஆளுநரானார். மக்கள் உலவ 'பீப்பிள்ஸ் பார்க்' பூங்காவை அமைத்தார். 1857 கிளர்ச்சியால் பெருகிய கடனைச் சமாளிக்க, நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் 1860-இல் வருமான வரியைக் கொணர்ந்தார். வரியை விடுத்துச் செலவைக் குறைக்குமாறு வாதிட்ட டிரெவெல்யன், தம் மறுப்பைச் செய்தித்தாள்களில் வெளியிடச் செய்தார். கட்டுப்பாட்டை மீறினார் என்று இலண்டன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

ஆயினும் 1863-இல் அதே நிதி உறுப்பினர் பதவியேற்று இந்தியா வந்தார். ஐந்தாண்டுகளுக்கென விதிக்கப்பட்ட வரி 1865-இல் முடிவுற்றது. பின்னர் வேறு வடிவில் மீண்டது. டிரெவெல்யன் 1886-இல் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! சென்னையில் அவர் காட்டிய துணிவைப் போற்றுவோம். அயர்லாந்தின் பசியையும் மறவாதிருப்போம்.