சட்டமும் சமூகக் கடமையும்: துய்கியின் கொள்கை நோக்கில் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வு

முன்னுரை

சட்டம் சமூக ஒருமைப்பாட்டிலிருந்து முகிழ்ப்பது என்னும் கருத்தைப் பிரெஞ்சுச் சட்டவியலில் நிலைநிறுத்தியவர் லெயோன் துய்கி (1859–1928). போர்தோ பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றிய எமில் துர்கைமின் சமூகவியல் இதற்கு அடித்தளமாயிற்று. சொத்தைத் தனியுரிமையாகக் கொள்ளாது சமூகக் கடமையாகக் கொள்ளவேண்டும் என்பது 1912இல் வெளிவந்த நூலில் துய்கி வலியுறுத்திய கொள்கை. இதனை ஒப்பீட்டுக் கருவியாகக் கொண்டு முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. நேரடித் தாக்கம் இருந்ததென்பது இதன் துணிபன்று.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி 1886 ஜூலை 30இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி மன்னர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவரடியார் மரபில் வந்தவர். அக்கல்லூரியில் பெண்ணுக்கு இடமளிக்க எதிர்ப்பு எழுந்தபோது மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் இசைவளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். 1926இல் பாரிசில் நடைபெற்ற அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டார்.

சட்டமன்றப் பணி

1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பொட்டுக்கட்டும் வழக்கம் நிலைபெற்றதற்குச் சமய நம்பிக்கையோடு பொருளியற் பிணைப்பும் காரணமாகும். கோயிற்பணிக்கு ஈடாகக் குடும்பங்கள் மானிய நிலங்களைத் துய்த்தன. பணி நின்றால் நிலமும் கைவிட்டுப் போகும். ஆதலின் அடுத்த தலைமுறைப் பெண்ணும் அப்பணிக்கு உரியவளாக்கப்பட்டாள். முத்துலட்சுமியின் முயற்சியால் நிறைவேறிய 1929ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நிலத்தையும் பணியையும் பிரித்தது. பணியைக் கைவிட்ட பெண்ணும் நிலத்தைத் துய்க்க வழிபிறந்தது.

துய்கி சொத்துரிமையைக் கடமையாக மாற்றிக் கண்டார். இச்சட்டமோ கடமையை நீக்கிச் சொத்துரிமையை நல்கியது. கடமையே அடிமைத்தளையாகும் இடத்தில் துய்கியின் கொள்கை தன் எல்லையை எட்டுகிறது எனலாம்.

எதிர்ப்பும் பிற்காலமும்

தேவரடியாருள் ஒரு சாரார் தம் கலையும் வாழ்வும் குலையும் எனக் கருதி அரசுக்கு விண்ணப்பித்தனர். சமூகத்தின் குரல் ஒன்றல்ல என்பதை இது உணர்த்துகிறது. காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி 1930இல் பதவி துறந்தார். பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. அவ்வை இல்லத்தையும் அடையாறு புற்றுநோய் நிலையத்தையும் நிறுவிய அவர் 1968இல் மறைந்தார்.

முடிவுரை

வழக்கத்தைத் தாங்கிய பொருளியல் வேரைக் கண்டறிந்து சட்டம் இயற்றச் செய்தமையே முத்துலட்சுமியின் தனித்தன்மை. சட்டம் விடுவித்த பெண்களின் எதிர்க்குரலையும் இணைத்து ஆராயும்போதே அவ்வரலாறு நிறைவுறும்.