தூரத்தை வென்ற டாடா

சென்னைக்கும் இலண்டனுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். இத்தூரம் என்றும் குறைவதில்லை. ஆனால் அதைக் கடக்கும் காலமோ வாரங்களிலிருந்து மணிகளாகச் சுருங்கிவிட்டது. நம் நாட்டில் இதற்கு வழிகோலிய பெருமகனார் ஜே. ஆர். டி. டாடா ஆவார்.

இவர் 1904ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாடா. தாயார் சுசான் பிரெஞ்சு நாட்டவர். நம்மைப் போலப் பதினைந்து வயதில் இவர் முதன்முதலாக விமானத்தில் ஏறிப் பறந்தார். அன்று முளைத்த ஆசை வீண்போகவில்லை. 1929 பிப்ரவரி 10 அன்று, இந்தியாவில் வழங்கப்பட்ட முதலாவது விமானி உரிமத்தைப் பெற்றார்.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்தார். 1930இல் டாடா கராச்சியிலிருந்து புறப்பட்டார். இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் வந்த ஆஸ்பி எஞ்சினியர் என்னும் இளைஞர், ஸ்பார்க் பிளக் இல்லாமல் எகிப்தில் தவித்துக்கொண்டிருந்தார். அவர் தம் போட்டியாளர் என்று அறிந்தும், தம்மிடம் கூடுதலாக இருந்ததை டாடா மனமுவந்து கொடுத்தார். சில மணி நேர வேறுபாட்டில் பரிசு ஆஸ்பிக்கே சென்றது! அவரே பின்னாளில் நம் விமானப் படையின் தலைவரானார்.

அக்காலத்தில் இலண்டனிலிருந்து விமானத் தபால் கராச்சி வரைதான் வந்தது. அதைத் தெற்கே கொண்டுவர டாடா முனைந்தார். 1932 அக்டோபர் 15 அன்று காலை சிறு விமானம் ஒன்றைத் தாமே ஓட்டிக் கராச்சியிலிருந்து கிளம்பினார். வழியில் அகமதாபாத்தில் இறங்கியபோது, எரிபொருள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது! பிற்பகலில் பம்பாயை அடைந்தார். அங்கிருந்து அவருடைய நண்பர் நெவில் வின்சென்ட் தபால் பைகளைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். அந்தத் தபால் நிறுவனமே பின்னர் ஏர் இந்தியாவாக வளர்ந்தது.

1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்குப் பறந்தது. அப்பயணத்துக்கு அன்று ஏறத்தாழ ஒரு நாள் ஆயிற்று. இன்றோ எங்கும் இறங்காமல் சுமார் பத்து மணி நேரத்தில் சென்றுவிடலாம்.

1982இல், தம் 78ஆம் வயதில், அதே கராச்சி–பம்பாய் வழியில் டாடா மீண்டும் தனியாக விமானம் ஓட்டி வந்தார். 1992இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1993 நவம்பர் 29 அன்று ஜெனீவாவில் காலமானார்.

தோழியரே! பொருள் தேடிக் கடல் கடந்தோர் பலரைக் கொண்டது நம் அதிராம்பட்டினம். முன்பு நம் வட்டாரத்தார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நாட்கணக்கில் பயணம் செய்தனர். கடிதத்தை எதிர்நோக்கி வீட்டார் தவம் கிடந்தனர். இன்று திருச்சியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர்! பிரிந்தவரை விரைவில் காணும் இப்பேறு, டாடாவைப் போன்றோரின் உழைப்பால் வந்தது. அவருடைய துணிவோடு, போட்டியாளருக்கும் உதவிய அந்த உள்ளத்தையும் நாம் பெறுவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி