பாம்புக்குப் பெயர் தந்த டாக்டர்

கண்ணாடிவிரியனுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் ‘டபோயா ரஸ்ஸலி’. முதற்சொல் இந்தியிலிருந்து வந்தது. பதுங்கிக் கிடப்பது என்பது பொருள். அடுத்த சொல் ஒரு டாக்டரைக் குறிக்கும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர் பாட்ரிக் ரஸ்ஸல். சிரியாவின் அலெப்போ நகரில் பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தவர். 1781-ல் சகோதரர் கிளாடுடன் விசாகப்பட்டினம் வந்தார். 1785-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆராய்ச்சியாளரானார்.

பாம்புக்கடியால் மக்கள் மாண்டு கொண்டிருந்தனர். எது விஷப்பாம்பு, எது சாதுவானது என்று யாவரும் அறிய வழி காண்பதே அவர் நோக்கம். பாம்புகளைச் சேகரித்து நச்சுப்பற்களை ஆராய்ந்தார். நாய், கோழிகளிடம் விஷத்தைச் சோதித்தார். பாம்புக்கடிக்குப் பெயர் பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையையும் அவர் விடவில்லை. அதில் பாஷாணம் கலந்திருந்தது தெரிய வந்தது.

1789-ல் தாயகம் திரும்பினார். 1796-ல் சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அதில் இந்த விரியனை ‘கடுக ரேகுல பொட’ என்று தெலுங்குப் பெயராலேயே குறித்திருந்தார். மறு ஆண்டு ஜார்ஜ் ஷா என்ற விஞ்ஞானி அதற்கு ரஸ்ஸலின் பெயரைச் சூட்டினார்.

1805-ல் ரஸ்ஸல் லண்டனில் காலமானார். பாம்பிடமிருந்து மக்களைக் காக்க உழைத்தவரின் பெயர், ஆளைக் கொல்லும் பாம்பின் மீதே நிலைத்துவிட்டது.