கட்டணம் வாங்காத வாத்தியார்

பழைய மாணவர் சந்திப்பு நெருங்கினாலே நம்ம கோஷ்டியில் ஒரு பேச்சு கிளம்பும்: சாருக்கு என்னப்பா வாங்கிக் கொடுக்கலாம்? ஃபைனல் இயர் தம்பி, தங்கைகளுக்கும் புராஜெக்ட் வைவா சமயத்தில் இதே யோசனைதான். நாம் கொடுக்கலாமா, அவர் வாங்கலாமா? சுமார் 2,400 வருஷத்துக்கு முன்பே இதற்குத் தன் வாழ்க்கையால் பதில் சொன்ன வாத்தியார் ஒருவர் உண்டு. அவர்தான் கிரேக்க நாட்டு சாக்ரடீஸ்.

கி.மு. 470 வாக்கில் ஏதென்ஸில் பிறந்தார். அப்பா கல்தச்சர், அம்மா பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. பள்ளிக்கூடம் எதுவும் அவர் நடத்தவில்லை. கடைத்தெருவில் நின்று, இளைஞர்களைக் கேள்வி கேட்டே சிந்திக்க வைத்தார். அப்போது சோஃபிஸ்டுகள் என்ற ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்லி நிறையச் சம்பாதித்தார்கள். சாக்ரடீஸோ கட்டணம் என்று காலணா வாங்கவில்லை. வெறுங்காலோடுதான் நடந்தார்.

ஏன் வாங்கவில்லை? காசு வாங்கினால் கொடுத்தவனோடு பேசியே ஆகவேண்டும், அது தன்னையே அடிமையாக விற்பதற்குச் சமம் என்பது அவர் கருத்து. மாணவர் செனஃபோன் இதை எழுதி வைத்திருக்கிறார். நம் தொழிலிலும் இது தெரிந்த விஷயம்தானே? கான்ட்ராக்டர் தந்த தீபாவளி ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கொண்டால், மறுநாள் சைட்டில் டேப் பிடித்து அளக்கும்போது கை கூசும்.

பணக்கார சீடன் ஆல்சிபியாடீஸ் வீடு கட்டிக்கொள்ளப் பெரிய மனை தர முன்வந்தான் என்றொரு கதை உண்டு. செருப்பு வேண்டுமென்றால் முழுத்தோலையா கொடுப்பார்கள் என்கிற மாதிரி கேலி பண்ணி மறுத்துவிட்டாராம். மாசிடோனிய மன்னர் ஆர்க்கெலாஸ் அழைத்தபோதும் போகவில்லை. பதிலுக்குத் தன்னால் எதுவும் செய்ய முடியாத உபகாரம் அவருக்குத் தலைகுனிவு. ஏழை மாணவன் ஈஸ்கினீஸ், கொடுக்க ஒன்றுமில்லாமல் தன்னையே கொடுத்தானாம். அதை மட்டும் சந்தோஷமாக ஏற்றாராம். வாங்கியதைவிட நல்லவனாக்கித் திருப்பித் தருவதாகவும் சொன்னாராம்.

அதற்காக அவர் விருந்துக்கே போகாத முனிவர் இல்லீங்க. இளம் நாடகாசிரியர் அகத்தான் பரிசு வென்று விருந்து வைத்தபோது, குளித்து, செருப்பு மாட்டிக்கொண்டு போய் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்ததாக இன்னொரு சீடர் பிளேட்டோ எழுதியிருக்கிறார்.

கி.மு. 399-ல், இளைஞர்களைக் கெடுத்தார், ஊர்க் கடவுளரை மதிக்கவில்லை என்று வழக்கு வந்தது. அவரோடு பழகிய ஆல்சிபியாடீஸும் கிரிட்டியாஸும் ஊருக்குச் செய்த கேடு ஜனங்கள் மனசில் இருந்தது. மாணவனிடம் காசு வாங்கியதே இல்லை என்பதற்குத் தன் வறுமையையே சாட்சியாகக் காட்டினார் சாக்ரடீஸ். மறுக்க ஒரு சாட்சி கிடைக்கவில்லை. அபராதத்துக்கு 30 மினா வெள்ளி வரை ஜாமீன் நிற்பதாக பிளேட்டோவும் கிரிட்டோவும் மற்ற நண்பர்களும் சொன்னதை, சபையறிய ஏற்றுக்கொண்டார். ஆனாலும் மரண தண்டனைதான். சிறையிலிருந்து தப்ப வைக்க கிரிட்டோ பணத்தோடு வந்தபோது மறுத்துவிட்டு, விஷத்தைக் குடித்தார்.

படிக்கிற தம்பி, தங்கைகளே, உங்கள் மார்க் சார் கையில் இருக்கும்வரை பரிசு வேண்டாம். நீங்கள் நிமிர்ந்து கேட்கும் ஒரு நல்ல கேள்வி போதும். படித்து முடித்த நாம் கல்யாணத்துக்குக் கூப்பிடலாம், சாப்பாடு போடலாம். நம் பிள்ளைக்கு ஸீட் கேட்கும் எண்ணம் இருந்தால் மட்டும், அந்தப் பொன்னாடையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவோம்.