குழாய்நீர் சொல்லிக் கொடுத்த பாடம்: வைத்தியர் சிட்னி றிங்கர்

புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் மரக்கிளைகளில் தொங்கிய சேலைன் போத்தல்களைப் பார்த்தவர்கள் இலகுவில் மறக்கமாட்டார்கள். நமது வைத்தியசாலைகளில் ஏற்றப்படும் அத்தகைய திரவங்களில் ஒன்றை ‘ஹார்ட்மன்’ என்றும் ‘றிங்கர் லக்டேற்’ என்றும் அழைக்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய சிட்னி றிங்கர் போர்முனையைக் கண்டவரல்ல. இலண்டனில் நோயாளர்களைப் பார்த்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் தவளையின் இதயத்தோடு மினைக்கெட்ட ஒரு வைத்தியர்.

1830களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் நொறிச் நகரில், ஒரு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தகப்பன் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோதே இறந்துவிட்டார். சகோதரர்கள் இருவர் பிழைப்புத் தேடிக் கிழக்கே கப்பலேறினர். அவர்களில் பிரெடெரிக் யப்பானின் நாகசாகியில் பெரிய வணிகரானார். அவரது வீடு இன்றும் அங்கே இருக்கிறது. சிட்னி மட்டும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் படித்து, அதன் வைத்தியசாலையிலேயே வாழ்நாள் முழுவதும் பணியாற்றினார். மருந்துகளைப் பற்றி அவர் 1869இல் வெளியிட்ட கைந்நூல் பல பதிப்புகளைக் கண்டது. அதோடு நின்றிருந்தால் இன்று அவரை யாரும் நினைத்திருக்கப் போவதில்லை.

உடலிலிருந்து எடுத்த தவளையின் இதயம் எந்தத் திரவத்தில் தொடர்ந்து துடிக்கும் என்பதே அவரைப் பிடித்தாட்டிய கேள்வி. இரத்தத்தில் உள்ள உப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தும் விலக்கியும் பார்த்தார். சாதாரண உப்புக் கரைசலோடு சிறிதளவு பொற்றாசியமும் சேர்ந்தால் இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று 1882இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அது அச்சிலும் வந்துவிட்டது.

பிறகுதான் விடயம் வெளிப்பட்டது. அந்தக் கரைசல்கள் காய்ச்சி வடித்த நீரில் செய்யப்பட்டிருக்கவில்லை. நியூ றிவர் கொம்பனி இலண்டனுக்கு விநியோகித்த குழாய்நீரில் செய்யப்பட்டிருந்தன. வடித்த நீருக்காக ஏன் சிரமப்பட வேண்டும் என்று ஆய்வுகூட உதவியாளர் குழாயைத் திறந்துவிட்டதாகப் பின்னாளில் ஒரு கதை சொல்வார்கள். றிங்கர் வடித்த நீரில் கரைசலைப் புதிதாகச் செய்து பார்த்தார். துடிப்பு சிறுகச் சிறுகத் தளர்ந்து, ஏறத்தாழ இருபது நிமிடத்தில் நின்றுபோனது.

பெயர் பெற்ற வைத்தியர் ஒருவர் இதைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டு போயிருக்கலாம். றிங்கர் 1883இல் அடுத்த கட்டுரையை எழுதி, தனது முந்தைய கரைசல் குழாய்நீரில் செய்யப்பட்டது, ஆகவே முடிவும் பிழைத்துவிட்டது என்று அதிலேயே அறிவித்தார். என்னைக் கேட்டால், அவரது வாழ்க்கையில் மிகப் பெரிய காரியம் இதுதான். பிழையை ஒப்புக்கொண்டதால்தான் அடுத்த கேள்வி பிறந்தது: குழாய்நீரில் இருந்த எது இதயத்தை ஓட்டியது?

அந்த நீரில் பத்து இலட்சம் பங்குக்குச் சுமார் 38 பங்கு கல்சியம் இருந்தது. மக்னீசியம் ஐந்து பங்குக்கும் குறைவு. துடிப்பைக் காத்தது கல்சியம் என்று றிங்கர் கண்டறிந்தார். கல்சியம் மட்டும் போதாது என்பதையும் கண்டார். பொற்றாசியம் இல்லாவிட்டால் சுருங்கிய இதயம் விரிவதற்கே திணறியது. இரண்டும் ஒன்றையொன்று தடுத்து நிறுத்தும் அளவில் இருந்தால்தான் துடிப்பு ஒழுங்காக ஓடும்.

ஏன் அப்படி என்பதை அறியும் கருவிகள் அவரது காலத்தில் இருக்கவில்லை. ஒவ்வொரு கலத்தின் மென்சவ்விலும் அயன்கள் நுழையவும் வெளியேறவும் நுண்ணிய வாயில்கள் உண்டு. அவற்றை அயன் கால்வாய்கள் என்பர். இதயக் கலத்துக்குள் கல்சியம் பாயும் வாயிலை 1960களில்தான் ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். குழாய்நீரில் அற்பமாகத் தெரிந்த மக்னீசியத்துக்கும் அங்கே வேலையிருக்கிறது. அது கல்சியத்தின் வழியில் குறுக்கே நின்று அளவுக்கு மிஞ்சிய பாய்ச்சலைத் தணிக்கிறது. பொற்றாசியத்தின் போக்குவரத்தையும் கட்டுப்படுத்துகிறது. கர்ப்பகால வலிப்புக்கு மக்னீசியம் சல்பேற் ஏற்றுவதை நமது தாய்மார் பலர் அறிவர்.

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மக்னீசியம் ஏறத்தாழ 25 கிராம். பாதிக்கு மேற்பட்டது எலும்பில் இருக்கிறது, இரத்தத்தில் ஓடுவது நூற்றிலொரு பங்கும் இல்லை. உணவிலிருந்து அதைக் குடல் உறிஞ்சுகிறது. சிறுநீரகம் வடிகட்டியதில் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்து இரத்தத்துக்கு அனுப்புகிறது. இரண்டு இடத்திலும் ‘ரி.ஆர்.பி.எம். 6’ என்ற கால்வாய் முக்கியமான வாயில். அதன் மரபணுவில் பழுதோடு பிறக்கும் குழந்தைகளுக்கு மக்னீசியமும் கல்சியமும் குறைந்து வலிப்பு வருவதை 2002இல் கண்டறிந்தனர். அவர்களுக்கு மக்னீசியத்தைத் தொடர்ந்து கொடுத்தால் காப்பாற்றலாம். பிறவிப் பழுது இல்லாதவர்களுக்கும் நீடித்த வயிற்றோட்டத்தில் மக்னீசியம் வெளியேறிவிடுகிறது. அது குறைந்தால் பொற்றாசியத்தையும் சிறுநீரகம் தக்கவைக்க முடியாமல் இழக்கிறது. அதனால் மக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொற்றாசியத்தை மட்டும் ஏற்றுவது பல வேளைகளில் பலன் தருவதில்லை.

றிங்கர் 1885இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். ஆனாலும் காலையில் வைத்தியசாலைக் கடமைக்கு முன்னர் ஆய்வுகூடத்துக்குப் போகும் வழக்கத்தை அவர் விடவில்லை. சிறுவயதிலேயே ஒரு மகளைப் பறிகொடுத்தவர் அவர். யோக்சயரின் லாஸ்டிங்ஹாமில், மகளின் நினைவாகப் பழைய தேவாலயத்தைத் தமது செலவில் திருத்திக் கொடுத்தார்.

மனைவி இறந்த மறு ஆண்டு, 1900இல், ஓய்வு பெற்று அதே லாஸ்டிங்ஹாமுக்குப் போய்ச் சேர்ந்தார். 1910 ஒக்ரோபரில் அங்கேயே காலமானார். வயிற்றோட்டத்தால் வரண்டுபோன பிள்ளைகளின் இரத்தத்தில் அமிலம் மிகுவதைத் தணிப்பதற்காக, அமெரிக்கக் குழந்தை வைத்தியர் அலெக்ஸிஸ் ஹார்ட்மன் அவரது கரைசலில் லக்டேற்றைச் சேர்த்தது 1932இல். அப்போது றிங்கர் மண்ணுக்குள் போய் இருபத்திரண்டு வருடமாகியிருந்தது. லாஸ்டிங்ஹாம் தேவாலய வளவில், மனைவிக்கும் மகளுக்கும் அருகே அவரது கல்லறை இருக்கிறது.