சாரா ஓல்குட்: டப்ளின் மேடையிலிருந்து ஹொலிவூட் வரை

பெண்கள் தம்முள் கூடி அமைத்த சங்கமொன்று ஏழைச் சிறுமி ஒருத்தியின் வாழ்வை எவ்வளவு தூரம் மாற்றக்கூடும் என்பதற்கு அயர்லாந்தின் பெருநடிகை சாரா ஓல்குட் ஒரு சான்று. நூற்றாண்டு காணும் எமது சங்கத்தின் மலரில் அவரது வரலாறு இடம்பெறுவது பொருத்தமே.

டப்ளின் நகரில் பிறந்தவர் சாரா. தந்தையார் அச்சுக்கோப்பாளர். அவர் காலமானபோது பிள்ளைகள் சிறியவர்கள். தங்கை மொலி அநாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டார். சாரா கதிரைகளுக்கு மெத்தை தைக்கும் தொழில் பழக அனுப்பப்பட்டார். அவரது வாழ்வு அந்தப் பட்டறையோடு முடிந்திருக்கலாம். ஆனால் 1900இல் மோட் கொன் அம்மையார் தலைமையில் 'அயர்லாந்தின் புதல்வியர்' என்னும் பெண்கள் சங்கம் தோன்றியது. ஐரிஷ் மொழி, வரலாறு, இசை, நாடகம் ஆகியவற்றை அது இலவசமாகக் கற்பித்தது. வேலை முடிந்தபின் அவ்வகுப்புகளுக்குச் சென்ற சாராவை ஃபே சகோதரர்கள் நடிப்பில் பயிற்றினார்கள். ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதில் பிராங்க் ஃபே மிகக் கண்டிப்பானவர். சாராவின் ஆழ்ந்த குரல் அவரிடமே பட்டை தீட்டப்பட்டது.

1904 டிசெம்பர் 27ஆம் திகதி அபே நாடக அரங்கு திறக்கப்பட்ட இரவில், கிரகரி சீமாட்டியின் நகைச்சுவை நாடகத்தில் சாரா நடித்தார். 1907 ஜனவரியில் ஜோன் சிஞ்சின் நாடகம் ஒன்று அங்கே அரங்கேறியபோது, பெண்ணின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல்லைக் கேட்டுச் சபையோர் கொதித்தெழுந்தனர். பொலிசார் வரவழைக்கப்பட்டனர். அந்தக் கூச்சல் குழப்பத்தினூடே விதவை குயினாக சாராவும், கதாநாயகியாகத் தங்கை மொலியும் இரவுக்கிரவு நடித்தார்கள். மொலி பின்னர் மைரே ஓநீல் என்ற பெயரில் தாமும் புகழ்பெற்றார். சிஞ் அவரை மணக்கவிருந்தார். 1909இல் நோய் சிஞ்சின் உயிரைக் கொண்டுபோனது.

சிஞ்சின் மற்றொரு நாடகத்தில் வரும் மோர்யா என்ற கிழவி, கணவனையும் ஆறு மகன்மாரையும் கடலுக்குப் பறிகொடுத்தவள். இளவயதிலேயே அந்த முதியவளாக நடித்துச் சபையை அழவைத்தவர் சாரா.

துயரம் பின்னர் அவரது வாழ்விலும் புகுந்தது. 1916இல் நாடகக் குழு ஒன்றுடன் அவுஸ்திரேலியா சென்றவர், உடன் நடித்த ஜெரல்ட் ஹென்சனை அங்கே மணந்தார். 1918 ஜனவரியில் பிறந்த பெண்குழந்தை ஒரு மணி நேரமே உயிர்வாழ்ந்தது. அதே ஆண்டு நொவெம்பரில், உலகெங்கும் பரவிய இன்புளுவென்சா கணவரை நியூசிலாந்தில் பலிகொண்டது. தாயாகவும் மனைவியாகவும் வாழக் கிடைத்த காலம் அவ்வளவே. அவர் மறுமணம் செய்யவில்லை, மேடைக்கே திரும்பினார்.

1924 மார்ச்சில் ஷோன் ஓகேசியின் 'ஜூனோவும் மயிலும்' அபேயில் அரங்கேறியது. குடித்துத் திரியும் கணவன், சுட்டுக் கொல்லப்படும் மகன், கைவிடப்பட்ட மகள் ஆகியோரிடையே குடும்பத்தைத் தாங்கும் ஜூனோவாக சாரா நடித்தார். மகனை இழந்து அவள் செய்யும் பிரார்த்தனையின்போது அரங்கம் உறைந்துபோய் இருந்தது. உள்நாட்டுப் போர் ஓய்ந்து ஓராண்டும் ஆகாத நகரில், அந்தப் பிரார்த்தனை பல தாய்மாரின் சொந்தப் பிரார்த்தனையாக இருந்தது. இலண்டனிலும் இந்நாடகம் பெருவெற்றி கண்டது.

திரைப்படம் பேசத் தொடங்கியதும் அக்குரலுக்குப் புதிய களம் கிடைத்தது. அல்பிரட் ஹிட்ச்கொக்கின் 'பிளாக்மெயில்' படத்தில் 1929இல் தோன்றினார். மறுஆண்டு அதே நெறியாளர் 'ஜூனோ'வைப் படமாக்கியபோது, மேடையில் தாம் ஏற்ற பாத்திரத்தையே ஏற்றார். மொலியும் அதில் நடித்தார்.

1940இல் அமெரிக்கா சென்றவர் ஹொலிவூட்டிலேயே தங்கிவிட்டார். ஜோன் ஃபோர்ட் நெறிப்படுத்திய 'ஹவ் கிரீன் வோஸ் மை வலி' 1941இல் வெளிவந்தது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கக் குடும்பமொன்றின் தாய் அவர். வேலைநிறுத்தக்காரர் கூட்டத்துக்குப் பனிக்கொட்டும் இரவில் சென்று, தன் கணவனுக்குத் தீங்கு நினைப்பவரை அவள் எச்சரிக்கும் காட்சி மறக்கமுடியாதது. சிறந்த துணைநடிகைக்கான ஒஸ்கார் விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. விருது மேரி அஸ்ரருக்குப் போனது.

அதன்பின் கிடைத்தவை பெரும்பாலும் சிறு வேடங்களே: சமையற்காரி, வீட்டுப் பணிப்பெண், வாடகை வீட்டுக்காரி. மோர்யாவையும் ஜூனோவையும் தாங்கிய குரலுக்குச் சில படங்களில் நாலைந்து வசனங்களே கிடைத்தன. இருந்தும் வேலையை விடவில்லை. 1945இல் அமெரிக்கப் பிரசையானார். இறந்த ஆண்டிலும் அவர் நடித்த படங்கள் திரைக்கு வந்தன. 1950 செப்டெம்பர் 13ஆம் திகதி கலிபோர்னியாவில் மாரடைப்பால் காலமானார்.

அபே அரங்கு இன்றும் டப்ளினில் நாடகம் நடத்துகிறது. அதன் முதல் இரவில் நின்ற சாராவுக்கு, மெத்தைப் பட்டறையிலிருந்து அந்த மேடைக்கு வழி திறந்தது மாலை வகுப்பு நடத்திய ஒரு பெண்கள் சங்கம். எமது சங்கமும் அடுத்த நூறாண்டில் அத்தகைய வழிகளைத் திறந்துகொண்டே இருக்கட்டும்.